தொட்டுக் கும்பிடாத உதை

அடடா, கால் பட்டுருச்சுங்களா தம்பி? இருங்க, இருங்க, காலை இழுக்காதீங்க, தொட்டுக் கும்பிட்டுக்கறேன். வயசுல சின்னவருன்னா என்னங்க? காலுக்குத் தெரியுமா சின்னவரு பெரியவருன்னு? பட்டுருச்சுன்னா தொட்டுக் கண்ணுல ஒத்திக்கோணும், அவ்வளவுதான். தப்பு என்ற மேலயும் இல்லீங்க. இந்த டிரைவரு பிரேக்கை மிதிக்கறப்பவெல்லாம் என்ற காலும் தானா மிதிக்குது. உங்க காலு நடுவுல மாட்டிக்கிச்சு.

தொழில் அப்படிங்க. பொள்ளாச்சியில வெற்றிவேல் டிரைவிங் ஸ்கூல்னு கேள்விப்பட்டிருப்பீங்க. கேள்விப்பட்டதில்லையா? நீங்க பொள்ளாச்சிக்குப் புதுசாட்ட இருக்குது. அது நம்முளுதுதானுங்க. நாச்சிமுத்துன்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். எங்க வண்டியில நான் உக்கார்ற பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், பாத்திருப்பீங்க. ஸ்டியரிங் ஓட்டறவங்க கையில. ஆனா வண்டி போறதும் நிக்கறதும் என்ற காலுல. அதே பழக்கத்துல ஊட்டுல டி.வி. பாக்கறப்பக்கூட, குறுக்க ஆடு வந்துச்சுன்னா நான் தரையை மிதிச்சுருவேன். கலாமணி உழுந்து உழுந்து சிரிப்பா. கலாமணிங்கறது என்ற ஊட்டுக்காரி.

நீங்க எதுவரைக்கும்? தாராபுரமா? நானும் அங்கதானுங்க. பேச்சுத்துணைக்கு ஆச்சு.

இந்தப் பையா? வெத்தலை பாக்கு, தேங்கா, பழம், பூவுங்க. என்ற பொண்ணு சிந்துஜாவுக்குத் தை மாசம் கண்ணாலம் வெச்சிருக்கறோம். மாப்பிள்ளை ஊட்டுல போயி இன்னைக்கு வெத்தலை பாக்கு மாத்தி வார்த்தையை உறுதி பண்ணிட்டு வரோணும். மாத்திட்டம்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. தலையே போனாலும் வார்த்தை போகக் கூடாது, நம்ம பக்கத்துல அப்படித்தானுங்களே. சொந்தக்காரங்க, ஒறம்பரையோட கார்லதான் போயிருக்கோணும். காத்தால பாத்தா கார் சாவியைக் காணோம். கலாமணி அரிசிப் பானைக்குள்ளயெல்லாம் கையை உட்டுத் தேடுனா, கெடைக்கலை. சரி, பஸ்ஸுல போலாம், நீயும் வான்னா, மூட்டு வலிங்கறா. நேத்து வரைக்கும் மூட்டுன்னா என்னன்னே தெரியாது அவளுக்கு. நல்ல காரியத்துக்கு நாலு தடை வரத்தான் செய்யும்னு நான் மட்டும் பஸ் ஏறிட்டேன். சம்பந்தி சின்னதுரை காத்துக்கிட்டு இருப்பாரு. கோழிப்பண்ணை வெச்சிருக்கறாரு, நெம்ப நல்ல மனுசன். மாப்பிள்ளை அவரு மாதிரியேதான்னு சொல்றாங்க.

எங்க உட்டேன்? ஆங், கால்ல உட்டேன்.

கால்லதான் என்ற மனத்தாங்கலே இருக்குதுங்க. சிரிக்காதீங்க. என்ற மக என்னைய உதைச்சுட்டா. சாதாரண உதை இல்லை, மல்லாக்க உழுந்தேன். உதைச்சதைப் பத்தி ஒண்ணுமில்லீங்க, உதைக்கச் சொல்லித்தான் உதைச்சா. உதைச்சுட்டுத் தொட்டுக் கும்பிடலை பாருங்க, அதுதான் நெஞ்சுக்குள்ள முள்ளாட்ட நிக்குது. வெளிய சொல்ல முடியிலை. நீங்க வழியில பாத்த ஆளு, எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ. அதுனால சொல்றேன்.

போலந்துன்னு ஒரு நாடுங்க. அங்க க்ராக்கோவ்னு ஒரு ஊரு. அங்கதான் சிந்து மேல்படிப்பு படிச்சா, படிச்சு முடிச்சு அங்கயே வேலைக்கும் போறா. ஆஸ்பத்திரி மெஷினுக்கு என்னமோ பண்ற கம்பெனி. சரி, போதும், வேலை பாத்தது போதும், கூட்டிக்கிட்டு வந்துரலாம்னு ஐப்பசியில நானே நேர்ல போனேன். குளிருன்னா குளிரு, நம்ம வால்பாறையெல்லாம் அதுக்கிட்ட அடுப்படிங்க.

போன அன்னைக்கே, "அப்பா, ஒண்ணு சொல்லோணும்"னா. "ஊருக்கு வந்து பேசிக்கலாம் கண்ணு, மொதல்ல சோத்தைப் போடு"ன்னேன். அப்புறம் ஒரு நாளு கடைவீதியில நடக்கறப்ப, "அப்பா, ஒண்ணு சொல்லோணுங்க"ன்னா. மாப்பிள்ளைக்கு ஸ்வெட்டர் பாத்துக்கிட்டிருந்தோம். "ஊருக்கு வந்து பேசிக்கலாம்"னேன். என்ன அவசரம்? ஊருக்குத்தான வரப்போறா. சரிங்கப்பான்னுட்டா. அவ எப்பவுமே அப்படித்தானுங்க. சரிங்கப்பா, அது ஒண்ணுதான் அவ வாயில வரும். இந்தக் காலத்துல அப்படி ஒரு பொண்ணு கெடைக்குமா? ஒரு நாளும் எனக்கு எதுலயும் வேண்டாம்னு சொன்னதில்லை. சொல்ற மாதிரி நான் வெச்சுக்கிட்டதும் இல்லை.

அந்த வெள்ளிக்கெழமை சொல்றா, "நாளைக்கும் நாளான்னிக்கும் எனக்கு ஒரு தற்காப்புப் பயிற்சி இருக்குதுங்கப்பா, ஆபீஸ் பொண்ணுக எல்லாம் போறோம்". எனக்குப் பக்குனு ஆயிருச்சு. யாராச்சும் வம்பு பண்றாங்களா, பேரைச் சொல்லுன்னேன். அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைன்னா. பின்ன அங்க போயி என்னத்தைத்தான் கத்துக்கறேன்னு கேட்டேன். என்ன சொன்னா தெரியுமுங்களா? "வேண்டாம்னு சொல்லப் பழக்கறாங்கப்பா" அப்படீன்னா. இதென்னங்க கூத்து! வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு கிளாஸா? வாயைத் தொறந்து சொன்னா முடிஞ்சுது. இதுக்குப் போயி ரெண்டு நாளு லீவைக் கெடுக்கறதான்னு கேட்டேன்.

ஆம்பளைகளும் வருவாங்களாமான்னு கேட்டேன். வருவாங்கன்னா. சரி, நானும் வாரேன்னுட்டேன். தனியா எப்படீங்க உடறது?

ஒரு பள்ளிக்கூடத்து வெளையாட்டு ரூமுங்க. தரை பூரா மெத்தை. பதினஞ்சு, இருவது பேரு இருப்பாங்க, பாதிக்கு மேல பொம்பளைங்க. ஒரு ஓரத்துல ஆறடிக்கு மேல ஒருத்தன் நிக்கறான், கழுத்து எங்க முடியுது தோளு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியிலை. மாஸ்டரு இவருதான்னு கைகூப்பி வணக்கம் வெச்சேன். அவன் பேரு பார்டெக், அடி வாங்கறதுக்கு வந்தவனாமா. மாஸ்டரு அந்தப் பக்கம் நாற்காலி அடுக்கிக்கிட்டு இருந்த அம்மாவாம். அகாதான்னு பேரு. குட்டையா, மூக்குக்கண்ணாடியைக் கயித்துல கட்டிக் கழுத்துல தொங்கப்போட்டுக்கிட்டு, அசல் போஸ்டாபீஸ் கவுண்டர்ல உக்காந்திருக்கற அம்மாவாட்டவே இருந்தாங்க. இவியளா நமக்குச் சொல்லித் தரப்போறாங்கன்னு நெனச்சேன். நானெல்லாம் பள்ளிக்கூடத்துல படிக்கறப்பக் கம்பு சுத்துனவன். ஒரு கோடை லீவு பூரா சுத்தியிருக்கறேன்.

மொதப் பாடம் என்ன தெரியுமுங்களா? ஓடறது. நெசமாத்தானுங்க. எவனாச்சும் வந்தா ஓடிப்போயிரு, பர்ஸைக் கேட்டா பர்ஸை வீசிட்டு ஓடு, சினிமாவுல மாதிரி நின்னு சண்டை போடாதே, உசுரோட ஊட்டுக்குப் போறவன்தான் ஜெயிச்சவன், அப்படீங்கறாங்கன்னு சிந்து தமிழ்ல சொன்னா. ஓடறதுக்கு எதுக்குங்க வாத்தியாரு? எங்க வீதியில ஒரு செவலை நாயி இருக்குது, அது சொல்லிக்குடுக்கும்.

ரெண்டாவது பாடம் கத்தறது. ரெண்டு கையையும் முன்னால நீட்டி, காலை ஊணி நின்னு, "வேண்டாம்! நில்லு! கிட்ட வராதே!"ன்னு அடிவயித்துல இருந்து கத்தோணும். எந்தப் பாஷையில வேணும்னாலும் கத்து, வார்த்தை முக்கியமில்லை, வயிறுதான் முக்கியம்னாங்க. போலந்துப் பொண்ணுக கத்துன கத்துல ஜன்னல் ஆடுச்சு. நம்ம சிந்து கத்தறா பாருங்க, கோயில்ல அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்றவளாட்ட. "வேண்டாங்க"ங்கறா. ங்க போடறாளுங்க, அடிக்க வர்றவனுக்கு! எனக்குப் பெருமை தாங்கலை. வளர்ப்புங்க.

நான் சிரிச்சுக்கிட்டு இருந்ததை அந்தம்மா பாத்துட்டாங்க. வாங்கன்னு என்னையக் கூப்பிட்டாங்க. ஒரு கையாலதான் தொட்டாங்க, கீழ கெடந்தேன். சாக்ஸ் வழுக்கிருச்சுங்க. மறுக்கா சாக்ஸைக் கழட்டிட்டு நின்னேன். மறுக்காவும் கீழதான் கெடந்தேன். அந்த ஊரு தரையே ஒரு மாதிரி. மூணாவது தடவை அந்தம்மா நேரா முன்னால வந்து சட்டையைப் பிடிச்சாங்க. எனக்கு என்ன தோணுச்சோ, குறுக்க லாரி வந்த மாதிரி இருந்துச்சு, வலது காலுல ஓங்கி ஒரு பிரேக் போட்டேன் பாருங்க! அவிய பாதத்து மேல. "ஆ"ன்னு கத்திட்டாங்க. ரூமே கை தட்டுச்சு.

அங்கதானுங்க கெட்டுப்போச்சு. வாத்தியாரு மேல காலு பட்டுருச்சே! அதும் பொம்பளை வாத்தியாரு. சட்டுனு குனிஞ்சேன், பாதத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கலாம்னு. குனிஞ்ச தலையை அப்படியே அமுக்கி, கையைப் பின்னால முறுக்கி, மூஞ்சியை மெத்தையில தேச்சுட்டாங்க. கும்பிடக் குனிஞ்சவனை அமுக்கறது எந்த ஊரு நியாயமுங்க? இந்த ஆளு எதுக்குக் குனிஞ்சாருன்னு அந்தம்மா கேக்க, சிந்து இங்கிலீஷ்ல விளக்கமாச் சொன்னா. எங்க பக்கம் காலு பட்டா தொட்டுக் கும்பிட்டு மன்னிப்புக் கேப்போம், அப்படிக் கேக்கலைன்னா எங்களுக்கு ராத்திரி தூக்கம் வராதுன்னு. அந்தம்மா சிரிச்ச சிரிப்புல கண்ணாடியே நனைஞ்சு போச்சு. அப்புறம் என்ற தோளைத் தட்டிச் சொன்னாங்க: "நெம்ப நல்ல பழக்கம். ஆனா மொதல்ல ஓடு. பத்தரமான எடத்துக்குப் போ. அங்க நின்னு மன்னிப்புக் கேட்டுக்கலாம்."

அதுக்கப்புறம் பாருங்க தம்பி, மத்தியானத்துக்குள்ள அந்த ரூமுல இருக்கற அத்தனை பேரும் உதைக்கறாங்க, குனிஞ்சு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறாங்க. பார்டெக் இருக்கறானே, அந்த மலை, அவன் ஒரு பொடிப் பொண்ணு காலைத் தொட்டுக் கும்பிடறான். நம்ம பண்பாட்டைப் போலந்து வரைக்கும் கொண்டுக்கிட்டுப் போனது யாரு? இதே நாச்சிமுத்துதான். ஒரு அரசாங்கமும் எனக்கு ஒரு சால்வை போடலை.

அவியெல்லாம் வெளையாட்டுக்குப் பண்ணுனாங்க. சிந்துவுக்கு அப்படியில்லை, அது ரத்தத்துல ஊறுனது. உதைச்சுப் பழக ஒரு பஞ்சுத் தலையணையைப் பிடிப்பாங்க. அதை உதைப்பா, கை தானாப் போகும், தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவா. ஒரு ரப்பர் பொம்மை நிக்க வெச்சிருந்தாங்க. அதுக்கும் அப்படித்தான். "பொம்மைக்குமா?"ன்னு அந்தம்மா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "நான் நெனைக்கறதுக்குள்ள கை போயிருது"ங்கறா. ஒவ்வொரு உதைக்கும் ஒரு கும்பிடு. தப்பவே தப்பாது. இதை ஞாபகம் வெச்சுக்குங்க தம்பி, இதுதான் முக்கியம்.

மறுநாளு கடைசியா ஒரு பரீட்சை. நெசமா ஒருத்தன் வழிமறிச்சா என்ன பண்ணுவேங்கறதை நடிச்சுக் காட்டோணும். மறிக்கறவன் மேல அடி படாம இருக்கறதுக்கு ஒரு உடுப்பு இருக்குதுங்க, கம்பளி மூட்டையாட்ட, தலைக்கு ஒரு பெரிய குண்டா. கண்ணு மட்டும் தெரியும். ஆளு மூஞ்சி தெரியாதுங்கறதுனால கூச்சமில்லாம அடிக்கலாமாம். பார்டெக்தான் அதைப் போடறவன். ஆனா காத்தாலயே ஒரு ஸ்கூல் டீச்சரு அவன் முட்டியில ஒண்ணு வெச்சுட்டாங்க. ஐஸ்கட்டி வெச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருந்தான். யாரு போடறீங்கன்னு அகாதா கேட்டாங்க. நான் கையைத் தூக்குனேன். சிந்து, "அப்பா, வேண்டாங்கப்பா"ன்னு மெதுவாச் சொன்னா. எனக்கு அடி பட்டுருமேன்னு பயம் பாவம்.

அந்தம்மா எனக்குச் சொன்னதை சிந்துதான் தமிழ்ல சொன்னா. அடிக்க வேண்டாம். கை ஓங்க வேண்டாம். சும்மா பேசிக்கிட்டே கிட்ட கிட்ட வரோணும். அவங்க என்ன சொன்னாலும் காதுல வாங்கக் கூடாது. உங்க பாஷையிலயே பேசுங்க, வாயில என்ன வருதோ அதைப் பேசுங்க. "உங்களுக்கு வருமா?"ன்னு கேட்டாங்க. நான் நெம்பச் சாதுவான ஆளுங்க, எனக்கு அதெல்லாம் வராதேன்னேன். முயற்சி பண்ணிப் பாருங்கன்னாங்க.

முயற்சியே வேண்டியிருக்கலை, எனக்கே ஆச்சரியமாப் போச்சு! மொதல்ல அந்த டீச்சரு வந்தாங்க. நான் கிட்டப் போயி, "எங்க போறே? இந்நேரத்துல எங்க போறே? யாரு கூடப் போறே? போனை எடு, போனை எங்கிட்டக் குடு. நான் சொல்றதைக் கேளு, எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுரும்?" அப்படீன்னு பேசிக்கிட்டே போனேன். அவ்வளவுதான். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாதுங்க அந்த டீச்சருக்கு, செவுரு வரைக்கும் பின்னால போயிட்டாங்க. அடுத்ததா ஒரு ஆம்பளை. அவனுக்கும் அதேதான். அவன் அழுதே போட்டான். அவனுக்கு அவிய அப்பா ஞாபகம் வந்துருச்சாமா, யாரோ சொன்னாங்க. அகாதா என்ன சொன்னாங்க தெரியுமா? இத்தனை வருசமா நடத்தறேன், இப்படி ஒரு ஆளை நான் பாத்ததே இல்லை, பொறவியிலயே வந்திருக்குது உங்களுக்குன்னாங்க. ஒரு நடிகன் எனக்குள்ள இருந்திருக்கறான் தம்பி, இத்தனை நாளா கிளட்ச்சு பிரேக்குன்னு அவனை வீணாக்கிட்டேன்.

கடைசியா சிந்து வந்தா.

மெத்தை மேல காலை ஊணி நின்னா. நான் வழக்கம்போல ஆரம்பிச்சேன். அவளுக்குன்னு வரப்போ வாயில வேற வந்துச்சு. வாயில வர்றதைப் பேசுன்னுதான சொல்லியிருக்கறாங்க? "அம்மிணி, பெட்டியைக் கட்டு. ஊருக்குப் போலாம். தை மாசம் கண்ணாலம்"னேன். "வேண்டாங்கப்பா"ன்னா, கீழ பாத்துக்கிட்டு. "வயிறு! வயிறு!"ன்னு அகாதா கத்தறாங்க. நான் ஒரு எட்டு கிட்டப் போனேன். "என்ன வேண்டாம்? தங்கமாட்டப் பையன். தோப்பு இருக்குது, பண்ணை இருக்குது. நீ ஒண்ணும் பேச வேண்டாம், நான் வார்த்தை குடுத்துட்டேன்"னேன். "நான் பேசோணுங்கப்பா"ன்னா. "ஊருக்கு வந்து பேசிக்கலாம்"னு சொல்லிக் கையைப் பிடிச்சேன்.

தம்பி, அப்பக் கத்துனா பாருங்க.

"வேண்டாம்! எனக்கு வேண்டாம்! நான் வரமாட்டேன்! கிட்ட வராதீங்க!"

அந்தச் சத்தம் எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியிலை. பொறந்து இத்தனை வருசத்துல அவகிட்ட அப்படி ஒரு சத்தம் இருக்குதுன்னு எனக்கே தெரியாதுங்க. கத்துன கையோட நெஞ்சுல ரெண்டு கையும் வெச்சுத் தள்ளி, முட்டிக்குக் கீழ ஒரு உதை. நான் மல்லாக்க உழுந்தேன். அவ திரும்பிப் பாக்காம ஓடுனா. கதவைத் தொறந்துக்கிட்டு வெளியவே ஓடிட்டா. அங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டறாங்க, அகாதா கண்ணைத் தொடைக்கறாங்க, பார்டெக் ஐஸ்கட்டியோட நொண்டிக்கிட்டு வந்து என்னையத் தூக்கி உடறான். என்ன நடிப்பு, என்ன நடிப்புன்னு நானும் உழுந்த வாக்குலயே கை தட்டுனேன்.

தட்டிட்டுக் காத்துக்கிட்டு இருந்தேன். இப்ப வருவா, காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவா, "வலிக்குதுங்களாப்பா"ன்னு கேப்பான்னு. அந்த உடுப்பைக்கூட நான் கழட்டலை. நெம்ப நேரம் கழிச்சு வந்தா. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு, குளிர்காத்துல தூசி பட்டிருக்கும். தண்ணி பாட்டில் குடுத்தா. "வலிக்குதுங்களாப்பா?"ன்னு கேட்டா. கேட்டா, இல்லைங்கலை. ஆனா குனியலைங்க. தலையணைக்குக் குனிஞ்சா, ரப்பர் பொம்மைக்குக் குனிஞ்சா, பெத்த அப்பனுக்குக் குனியலை.

நானும் பெருசு பண்ணலை. ஏர்போர்ட்ல வந்து வழியனுப்புனா. லீவு கெடைக்கலை, அப்புறமா வாரேன்னுட்டா. அங்கயும், "அப்பா, ஒண்ணு சொல்லோணும்"னா. பெட்டி எடை போடக் கூப்பிட்டுட்டாங்க. "ஊருக்கு வந்து..." அதேதான், வேறென்ன சொல்றது. சரிங்கப்பான்னு சொல்லுவான்னு பாத்தேன், அன்னைக்கு அதும் சொல்லலை. ஊட்டுக்கு வந்து கலாமணிகிட்ட இத்தனையும் நடிச்சே காட்டுனேன். அவ சிரிக்கவே இல்லை. அடுப்படிக்குள்ள போயிட்டா.

இன்னொண்ணு சொல்லட்டுங்களா? சிந்துவுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்தது நான்தான். லைசென்ஸும் வாங்கிக் குடுத்தேன். ஒரு நாளு எறங்கறப்பச் சொன்னா, "அப்பா, நான் ஓட்டுனனா நீங்க ஓட்டுனீங்களான்னே எனக்குத் தெரியிலைங்கப்பா"ன்னு. அறிவாளிப் பொண்ணுங்க. எப்பவும் இப்படி ஏதாச்சும் வேடிக்கையாச் சொல்லுவா.

என்னங்க தம்பி, உங்க மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு? என்னது? அன்னைக்கு வேண்டாம்னு கத்துனதை அந்தப் பொண்ணு நெசமாவே சொல்லியிருக்குமோன்னா? அட நீங்க ஒண்ணு. அது நடிப்புங்க. பரீட்சைன்னு சொன்னேனே. நடிப்புங்கறதை நான் எப்படி அடிச்சுச் சொல்றேன்னா, இப்பப் பாருங்க, அந்தத் தலையணையை உதைச்சா, அது நடிப்புத்தான? கும்பிட்டா. ரப்பர் பொம்மையை உதைச்சதும் நடிப்பு. கும்பிட்டா. அந்த ரெண்டு நாளுல நடிப்புக்கு எத்தனை உதை உதைச்சாளோ அத்தனைக்கும் கை தானாப் போயிருக்குது. அவ நடிச்சாள்னா கை தானாப் போகுமுங்க. தப்பவே தப்பாதுன்னு உங்ககிட்ட நான்தான சொன்னேன். அப்ப என்னைய உதைச்சப்ப...

கொஞ்சம் இருங்க.

நடிப்பா இருந்தா கும்பிட்டிருப்பாளுங்களே தம்பி.

அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் குடுங்க. இல்லீங்க, ஒண்ணுமில்லை, வெயிலு.

மூணு தடவை கேட்டிருக்கறாளுங்க. சோறு போடறப்ப, கடைவீதியில, ஏர்போர்ட்ல. வேண்டாம்னு சொல்றதுக்கு எவளாச்சும் கிளாஸுக்குப் போவாளான்னு சிரிச்சேன் பாருங்க. நான்தானுங்க சிரிச்சேன். கார் சாவி அரிசிப் பானைக்குள்ள இல்லீங்க. கலாமணி முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கறா. அவகிட்ட சிந்து எல்லாம் சொல்லியிருக்கறா. எனக்கு மட்டும்தான் தெரியிலை.

சின்னதுரைக்கு என்னங்க பதில் சொல்றது? பந்தல்காரனுக்குக்கூடச் சொல்லி வெச்சிருப்பாரு. ஊருல நாச்சிமுத்து வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருக்குதுங்க தம்பி. ஒண்ணு பண்ணலாமா, இன்னைக்குப் போயி மாத்திட்டு வந்துர்றது, அவ வந்த பொறகு மெதுவாக் கேட்டுப் பாக்கறது... ஆமாங்க. நீங்க சொல்றது சரிதான். மாத்திட்டு வந்து அப்புறம் என்னத்தைக் கேக்கறது.

இது என்ன ஊரு? குடிமங்கலம் தாண்டலையே? இன்னும் நால்ரோடு வரலையா?

போலந்துல இப்பத்தான் விடிஞ்சிருக்கும். எந்திரிச்சிருப்பா. இருங்க, போனைப் போடறேன்.

அம்மிணி. நான்தான் கண்ணு. இல்லை இல்லை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அம்மா நல்லாத்தான் இருக்கறா, சாவியைத்தான் காணோம்கறா. ஆமா, பஸ்ஸுலதான். தாராபுரத்துக்குத்தான். கண்ணு, நீ என்னமோ சொல்லோணும்னியே. அதான், ஏர்போர்ட்ல. இல்லை, ஊருக்கு வந்து வேண்டாம். இப்பவே சொல்லு. நான் ஒண்ணும் குறுக்க பேச மாட்டேன், சொல்லு... கேக்கலை கண்ணு. பஸ் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலை. ங்க போடாதே. அகாதா எப்படிச் சொல்லிக்குடுத்தாங்க? வயித்துல இருந்து சொல்லு.

அட!

கேட்டுதுங்களா தம்பி? கண்டக்டரே திரும்பிப் பாக்கறாரு. ஸ்பீக்கர்லயெல்லாம் போடலீங்க, சும்மா காதுலதான் வெச்சிருந்தேன். வேண்டாம்னு ஒரே வார்த்தை, என்ன சத்தம் பாருங்க! நெம்ப நல்ல டிரெய்னிங்குங்க அது. நானும் கூட இருந்து குடுத்ததுதான்.

கண்ணு, அழுகாதே, லைன்லயே இரு. அப்பன் எறங்கிக்கறேன். சின்னதுரைகிட்ட நான் பேசிக்கறேன், அது என்ற பாடு.

ஏனுங்க கண்டக்டர், விசில் அடிங்க! நால்ரோட்டுல ஒரு ஆளு எறங்கோணும். தம்பி, இந்தப் பையை நீங்களே வெச்சுக்குங்க, பழம் கனிஞ்சிருக்குது, சாப்பிடுங்க. வெத்தலையும் நல்ல வெத்தலைங்க. கொஞ்சம் முட்டியை நகத்துங்க.

ஐயோ, மறுக்கா மிதிச்சுட்டனுங்களா? இருக்கட்டும், மொதல்ல எறங்கிக்கறேன். கீழ நின்னு கும்பிட்டுக்கறேனுங்க.